கேட்-கானைக் கழட்டாதீர்கள்

புது பைக் வாங்கிய கையோடு சைலன்சரை மாற்றப் போகிற தம்பிகளுக்கும், "கேட்-கான் அடைத்துக்கொண்டது அண்ணே, வெட்டி எடுத்துவிட்டு வெறும் பைப் போட்டுத் தருகிறேன், வண்டி பறக்கும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கும் கார்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். புகைக்குழாயில் இருந்துகொண்டு புகையின் விஷத்தை அழிக்கிற இந்தப் பெட்டிக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று முழுப்பெயர் இருந்தாலும் பட்டறையில் அது கேட்-கான்தான், நானும் அப்படியே சொல்கிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: கேட்-கான் தானாகச் சாவது அரிது, வண்டியில் வேறு ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அந்த வேறொன்றைக் கண்டுபிடிக்காமல் இதைக் கழட்டுவது உங்கள் காசுக்கும் கேடு, அந்தத் தெருவில் மூச்சு விடுகிற எல்லோருக்கும் கேடு.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தகர உறைக்குள் கார்டியரைட் என்ற பீங்கானில் செய்த ஒரு தேனடை இருக்கும், சில வண்டிகளில், முக்கியமாக பைக்குகளில், மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டிச் செய்ததாக இருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் 400 துளைகள் என்பது கார்களில் சாதாரணம். அந்தத் துளைச் சுவர்களில் அலுமினா பூச்சு, நுண்துளைகள் நிறைந்தது, ஒரு கிராம் அலுமினாவுக்குள்ளேயே 100 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு ஒளிந்திருக்கும். அந்தப் பரப்பின் மேல்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தூவப்பட்டிருக்கின்றன. மொத்தமாகச் சேர்த்தாலும் சில கிராம்தான்.

எஞ்சினிலிருந்து வரும் புகையில் மூன்று விஷங்கள்: கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் இரண்டையும் ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்க வேண்டும், மூன்றாவதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஒன்றுக்குக் கொடு, இன்னொன்றிடமிருந்து எடு என்று நேர் எதிரான இரண்டு வேலைகளை ஒரே பெட்டிக்குள், புகை கடந்துபோகிற அந்த நொடிக்கும் குறைவான நேரத்தில், செய்து முடிக்கிறது. பிளாட்டினமும் பல்லேடியமும் முக்கியமாக எரிக்கும் வேலையைப் பார்க்க, ரோடியம் நைட்ரஜன் ஆக்சைடைப் பிரித்துச் சாதாரண நைட்ரஜனாக்குகிறது. சூடாகி நல்ல நிலையில் ஓடும் கேட்-கான் இந்த மூன்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் அழித்துவிடும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. காற்றும் பெட்ரோலும் எடைக்கு எடை சுமார் 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் எரிந்தால்தான் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும். பெட்ரோல் கூடினால் எரிக்க ஆக்சிஜன் போதாது, காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே தப்பிப் போகும். கார்பரேட்டரால் இவ்வளவு துல்லியம் முடியாது. அதனால்தான் புகைக்குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சாரை வைத்து, அது சொல்வதைக் கேட்டு இஞ்செக்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிற ஏற்பாடு வந்தது. ஜெர்மன் கம்பெனியான போஷ் செய்த அந்த சென்சாரோடும், மூன்று விஷத்தையும் ஒன்றாக அழிக்கும் மூவழி கேட்-கானோடும் 1977 மாடல் வோல்வோ கார்கள் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்தன. கூட்டிக் குறைக்கும்போது வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க பூச்சிலேயே சீரியம் ஆக்சைடு கலந்திருப்பார்கள், ஆக்சிஜன் மிஞ்சும்போது அது வாங்கி வைத்துக்கொள்ளும், குறையும்போது திருப்பிக் கொடுக்கும்.

கலிபோர்னியா என்றதும் லாஸ் ஏஞ்சல்ஸைச் சொல்லாமல் போக முடியாது. 1940-களில் அந்த ஊரில் பகலிலேயே கண் எரியும் மஞ்சள் மூட்டம். எதனால் என்று யாருக்கும் புரியவில்லை. ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்கார வேதியியலாளர், அங்குள்ள கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணம் எதிலிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், வண்டிப் புகையில் வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுவதுதான் காரணம் என்று நிறுவினார். வெயில் அதிகமாக இருக்கிற ஊருக்கு இது கூடுதல் ஆபத்து என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரரான யூஜின் ஹூட்ரி, கச்சா எண்ணெயை வினையூக்கியால் உடைத்துப் பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்டவர், 1950-களிலேயே வண்டிக்கான கன்வெர்ட்டருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அன்றைய பெட்ரோலில் எஞ்சின் தட்டாமல் இருக்க ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். ஈயம் பட்டால் பிளாட்டினத்தின் மேல் படலமாக மூடிவிடும், அப்புறம் அந்தப் பெட்டி வெறும் தகரம். அவர் 1962-ல் இறந்தார், தன் கண்டுபிடிப்பு சாலையில் ஓடுவதைப் பார்க்காமலேயே. பிறகு 1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இறுக்கி, சில வருடங்களுக்குள் கார் புகையை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. முடியாது என்று கார் கம்பெனிகள் வாதாடின. கார்னிங் கம்பெனியில் ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் மூவரும் அந்தப் பீங்கான் தேனடையைச் செய்து காட்ட, எங்கல்ஹார்ட் என்ற கம்பெனியில் ஜான் மூனியும் கார்ல் கீத்தும் மூவழி கேட்-கானை உருவாக்க, 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை கேட்-கானோடு வந்தன (அந்த முதல் தலைமுறை எரிக்கும் வேலையை மட்டும் செய்யும் ரகம், மூவழி அதற்குப் பிறகுதான் காருக்கு வந்தது).

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஈயம் ஒழிந்த கதை. கேட்-கானைக் காப்பாற்றவே 1974-லிருந்து அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் ஈயமில்லாத பெட்ரோல் கட்டாயம் வைக்கச் சொன்னார்கள், தவறிப்போய் ஈயப் பெட்ரோல் நிரப்பிவிடக் கூடாதே என்று புது கார்களின் டேங்க் வாயைச் சின்னதாக்கி பங்க் முனையையும் மெல்லியதாக்கினார்கள். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயம் உலகத்தின் காற்றிலிருந்து விலகத் தொடங்கியதற்கு இந்தத் தகர டப்பாவும் ஒரு பெரிய காரணம். கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று நான்கு ஊர்களில் மட்டும் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்-கான் கட்டாயமானது, கூடவே அந்த ஊர்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. நகரத்தைத் தாண்டி வெளியூர் போனால் அந்த பெட்ரோல் எல்லா பங்கிலும் கிடைக்காது என்ற தலைவலி இருந்தது. நாடு முழுக்க ஈயம் போனது 2000 பிப்ரவரியில். 2020 ஏப்ரலில் பி.எஸ் 6 என்ற புகை விதி வந்தபோது பெட்ரோல், டீசல் இரண்டிலும் கந்தகத்தை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்கு இறக்கினார்கள், அதற்கு முன் பி.எஸ் 4 எரிபொருளில் 50. கந்தகமும் கேட்-கானை மந்தமாக்கும் விஷம்தான். கார்பரேட்டர் போட்ட நம் பைக்குகள் எல்லாம் ஒரேயடியாக இஞ்செக்‌ஷனுக்கு மாறியதும் அதே மாற்றத்தில்தான். மேலே சொன்ன எங்கல்ஹார்டை 2006-ல் ஜெர்மன் ரசாயனக் கம்பெனியான பி.ஏ.எஸ்.எஃப் வாங்கியது, அந்தக் குழுமத்தின் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) ஆலை ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கிறது.

சரி, கேட்-கானை எது கொல்கிறது?

முதல் கொலையாளி மிஸ்ஃபயர். வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, பிளக்கோ காயிலோ போய்விட்டது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறோம். அந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே கேட்-கானுக்குள் போய் அங்கே எரிகின்றன. சூடு எகிறும். 900 டிகிரியைத் தாண்டினாலே தூவப்பட்ட உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிப் பரப்பை இழக்க ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் பீங்கானே உருகி வழியை அடைத்துவிடும். "அடைத்துக்கொண்டது" என்று மெக்கானிக் சொல்வது பல நேரம் இதைத்தான். சில நூறு ரூபாய் பிளக்கை மாற்றாமல் விட்டதன் விலை அது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டி உங்களிடம் சொல்வது இதுதான்: இப்போதே கேட்-கான் வெந்துகொண்டிருக்கிறது, ஓரங்கட்டு.

இரண்டாவது, ஆயில் குடிக்கிற எஞ்சின். எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம் கலப்பார்கள். ரிங் தேய்ந்தோ வால்வு சீல் போயோ ஆயில் எரியும்போது அந்த பாஸ்பரஸ் கேட்-கானின் முகப்பில் படிந்து மூடும். ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் உள்ளே போனாலும் இதே கதி. சாதாரண சிலிக்கோன் பேஸ்ட்டை எஞ்சின் பக்கம் தாராளமாகப் பூசுகிற பழக்கமும் சென்சாருக்கும் கேட்-கானுக்கும் ஆகாது, சென்சாருக்குப் பாதகமில்லாத பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது.

மூன்றாவது கொலையில்லை, பட்டினி. கேட்-கான் வேலையைத் தொடங்கவே சுமார் 250 முதல் 300 டிகிரி சூடு வேண்டும். காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனைக் கடை வரை போய்த் திரும்பினால் அந்தப் பயணம் முழுக்க அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும், அந்த முதல் ஓரிரு நிமிடப் புகைதான் பயணத்திலேயே மோசமான புகை. இதற்காகத்தான் இப்போதைய கார்களில் கேட்-கானை எஞ்சினை ஒட்டியே வைக்கிறார்கள். பக்கத்துத் தெருவுக்கு நடந்து போகலாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேனரில் பி 0420 என்று, அதாவது கேட்-கான் சரியாக வேலை செய்யவில்லை என்கிற பழுது எண், வந்தால் பல இடங்களில் உடனே கேட்-கானை மாற்றச் சொல்வார்கள், அதன் விலையைக் கேட்டதும் நாமே "அப்போ வெட்டிவிடுங்கள்" என்போம். கொஞ்சம் பொறுங்கள். காரில் கேட்-கானுக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் துள்ளிக்கொண்டே இருக்கும். கேட்-கான் நன்றாக இருந்தால் பின் சென்சார் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும், ஏனென்றால் ஆக்சிஜன் ஏற்ற இறக்கத்தையெல்லாம் நடுவில் இருப்பது விழுங்கிவிடுகிறது. பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால்தான் கேட்-கான் போயிருக்க வாய்ப்பு. (சில கார்களில் முன் சென்சார் வேறு ரகம், அதில் இந்தத் துள்ளலைப் பார்க்க முடியாது, ஆனால் பின்னதற்கு இதே கணக்குதான்.) புகைக்குழாயில் ஒரு சின்ன ஓட்டை, கழன்ற கேஸ்கெட், பழுதான சென்சார் எல்லாமே இதே பழுது எண்ணைக் கொண்டுவரும். அடைப்பு என்று சந்தேகம் இருந்தால் முன் சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

கழட்டினால் பிக்கப் கூடும் என்கிற பேச்சு. உருகி அடைத்துப்போன ஒன்றைக் கழட்டினால் கூடத்தான் செய்யும், அடைப்பு போனதால். நல்ல நிலையில் இருப்பதைக் கழட்டினால் தெருவில் ஓட்டும்போது உணர்கிற அளவுக்கு ஒன்றும் கிடைக்காது. சத்தம் கூடும், காது அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். "பி.யூ.சி பாஸ் ஆகிவிட்டது, அப்புறம் என்ன" என்பவர்களுக்கு: பெட்ரோல் வண்டிக்கான புகைச் சோதனை நிறுத்திவைத்த வண்டியில், ஐடிலில், கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. நன்றாக டியூன் செய்த வண்டி கேட்-கான் இல்லாமலும் அதில் தேறிவிடலாம், பின்னால் வருகிற ஆட்டோக்காரரும் பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளும் மட்டும் அதைச் சுவாசிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் காற்று மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

டீசலுக்கு இதே பெட்டி உதவாது, டீசல் எஞ்சின் எப்போதும் மிகுந்த காற்றோடு எரிப்பதால் நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிக்க வழியில்லை. அதற்கு யூரியாக் கரைசலைத் தெளிக்கும் எஸ்.சி.ஆர், கரித்தூளுக்குத் தனி வடிகட்டி என்று வேறு ஏற்பாடு, அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். கேட்-கான் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது என்பதும் உண்மை, எரிப்பதால் வருவதே அதுதான். மூச்சுக்காற்றைக் காப்பதுதான் இதன் வேலை, பருவநிலைக்கு வேறு மருந்து வேண்டும்.

வெட்டியெடுத்த கேட்-கான் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் ரோடியம் 2021-ல் ஒரு அவுன்ஸ் 29,000 டாலர் வரை போனது, அமெரிக்காவில் நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடியில் படுத்து ரம்பத்தால் அறுத்துத் திருடினார்கள். இன்று விலை அவ்வளவு இல்லை என்றாலும், "பழசு, தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று சொல்லி எடுத்துவைக்கப்படும் டப்பா காயலான் கடையில் இரும்பு விலைக்குப் போவதில்லை. உண்மையிலேயே மாற்ற வேண்டி வந்தால் பழையதை உங்கள் கையில் கேட்டு வாங்குங்கள், அல்லது அதன் விலையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி கேட்-கான் உறையில் புது வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள், உறையை அப்படியே விட்டு உள்ளே இருக்கும் தேனடையை மட்டும் உடைத்துக் கொட்டிவிட்டு மூடுகிற பழக்கம் உண்டு. ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், உள்ளே கலகலவென்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. அப்புறம் சாவியை ஆன் செய்யும்போது செக் எஞ்சின் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைகிறதா என்று கவனியுங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ அந்த விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், ஏன் என்று விற்பவரிடம் நேராகக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.