குவைத் வேலைக்குக் கிளம்பும் முன்: லேமினேட் சான்றிதழும் ஜூன் மாத வெயிலும்

டிகிரி சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? குவைத் விசாவுக்கான அட்டெஸ்டேஷனில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு அலுவலகங்களில் முத்திரை வாங்குவதில், என்னை இரண்டு மாதம் முடக்கிப் போட்டது அந்த பிளாஸ்டிக் உறைதான். முத்திரையும் கையெழுத்தும் சான்றிதழின் பின்பக்கத் தாளில் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் மை நிற்காது. கவுன்டரில் இருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு "இது ஆகாது சார்" என்றதோடு சரி. அடுத்து எங்கே போக வேண்டும் என்று கடைசி வரை சொல்லவில்லை. வெளியே ஜெராக்ஸ் கடையில் சூடு வைத்துப் பிரித்துத் தருகிறேன் என்பார்கள். கொடுத்துவிடாதீர்கள், பசையோடு சேர்ந்து எழுத்தும் உரிந்து வரும். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் லேமினேட் ஆகாத டூப்ளிகேட் டிகிரி சான்றிதழுக்கு என்ன நடைமுறை என்று கேளுங்கள். வேலை தேடத் தொடங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. விசா கையில் வந்த பிறகு கேட்டால் நாள் போதாது.

வரிசை இதுதான்: பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று, பிறகு சென்னைத் தலைமைச் செயலகம், பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியாக டெல்லியில் குவைத் தூதரகம். இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த இடத்தில் வாங்கமாட்டார்கள். அப்போஸ்டில் (தூதரக முத்திரைக்குப் பதிலாகப் பல நாடுகள் ஏற்கும் ஒற்றைச் சான்று) போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சவுதிக்கு 2022 டிசம்பரிலிருந்து அது செல்லும், குவைத்துக்குச் செல்லாது.

இனிஷியல் நம்ம ஊருக்கே உரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் "செ. குமார்", பாஸ்போர்ட்டில் "குமார் செல்வராஜ்" என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் எடுத்துக் கையோடு வைத்திருங்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மதிப்பெண் சான்றிதழைக் காட்டிப் புதிய பாஸ்போர்ட்டே வாங்க வேண்டும், ரப்பர் ஸ்டாம்ப் போட்டு மாற்றித் தரமாட்டார்கள். பத்தாவது முடிக்காதவர்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்கித்தான் போக முடியும். அவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375, காப்புத் தொகை 10 லட்சம். ஏஜென்ட் இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். அவருடைய லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்திலேயே பார்த்துவிடலாம்.

விசாத் தாளில் எந்தப் பிரிவு என்று படிக்காமல் ஏறவே ஏறாதீர்கள். கம்பெனி வேலை என்றால் 18. வீட்டு வேலை, வீட்டு டிரைவர் என்றால் 20. "போய் இறங்கு, மூணு மாசத்துல மாத்திக்கலாம்" என்று 20-இல் அனுப்பிவைக்கப்பட்டு, கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) வீட்டை விட்டு வெளியே வேலை பார்த்துப் பிடிபட்டவர்கள் ஏராளம். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மெடிக்கலில் பலரைக் கவிழ்ப்பது மார்பு எக்ஸ்ரே. எப்போதோ வந்து முழுதாகக் குணமான காசநோயின் தழும்பு நுரையீரலில் தெரிந்தாலும் அன்ஃபிட். அதனால் ஏஜென்டிடம் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் உள்ளூரிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். ஃபிட் ரிப்போர்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. அட்டெஸ்டேஷன் இழுத்துக்கொண்டிருக்கும்போது மெடிக்கலை முதலில் முடித்தால் இரண்டாம் முறை பணம் கட்ட நேரும்.

போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவையில் 500 ரூபாய், சிக்கல் இல்லை. இறங்கிய பின் அங்கே மெடிக்கல், கைரேகை, பிறகு பத்தாக்கா (குவைத் அடையாள அட்டை). பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே தடை செய்யப்பட்டது. கேட்டால் நகல் கொடுங்கள்.

இனி வெயில். சேருகிற தேதியைக் கேட்டு வாங்க முடிந்தால் அக்டோபர், நவம்பர் கேளுங்கள். 2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. வேலூர் வெயில் பழகிய உடம்பு என்ற தைரியம் அங்கே செல்லாது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பகல் 11 முதல் 4 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது, ஆனால் காலை பத்து மணிக்கே ஆளைச் சாய்க்கும். வந்த முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், பிறகு நாளுக்கு இன்னொரு பங்கு கூட்டிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பான கணக்கு. ஃபோர்மேன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கேளுங்கள். வெயிலில் விழுகிறவர்களில் முதல் வாரத்துக்காரர்களே அதிகம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். நீண்ட நேரம் வியர்த்தால் ஓஆர்எஸ், பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் நிழலுக்கு வந்துவிடுங்கள். பக்கத்தில் வேலை செய்பவர் உளற ஆரம்பித்தால் 112-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

பெட்டியில் ஸ்வெட்டர் ஒன்றும் வையுங்கள், ஜனவரி இரவுகள் நடுங்க வைக்கும். கோடையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், குளிக்கவே முடியாது. பாத்ரூம் ஹீட்டரை மே மாதமே அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் அந்த ஹீட்டர் தொட்டியில் தேங்கிய தண்ணீர் ஏசி குளிரில் ஆறிவிடும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் குளிக்கிற பதத்தில் வரும்.