களைப்பு தீர முதலில் ரத்தம் பாருங்கள்

எந்நேரமும் களைப்பாக இருக்கிறதா? முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சத்துமாவு, வைட்டமின் மாத்திரை, வாட்ஸ்அப்பில் வரும் மூலிகைத் தூள் எல்லாம் அப்புறம். நான் தேறி வந்தது இந்த வரிசையில்தான். என்னைப் போலத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் பெண்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வேலை, வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறையில். காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணி வரை ஷிப்ட். நாலு நாள் வேலை, இரண்டு நாள் லீவு. ஒரு மாதம் பகல், அடுத்த மாதம் இரவு. பாலம் தாண்டி கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் வீட்டில் இருப்பதே கொஞ்ச நேரம்தான். இந்த வேலையில் யாருக்குத்தான் அசதி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் என்னுடையது வெறும் அசதி இல்லை. மதியம் 3 மணிக்கு மேல் கண் இருட்டிக்கொண்டு வரும். பஸ்ஸுக்குப் போக மேம்பாலம் ஏறினால் நெஞ்சு படபடக்கும். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அப்புறம் ஒரு விசித்திரம்: ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்ன வேண்டும் என்று அடங்காத ஆசை. கேண்டீனில் தண்ணீர் தீர்ந்த பிறகும் குவளையின் அடியில் கிடக்கும் ஐஸை மென்றுகொண்டே இருப்பேன்.

அதைப் பார்த்துத்தான் எங்கள் லைனில் இருக்கும் மூத்த அக்கா கேட்டார். "என்னம்மா, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு, ஐஸா கடிச்சுக்கிட்டு இருக்கே? போய் ரத்தம் பாரு. என் மகளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

லீவு நாளில் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனால் காத்திருக்கும் நேரம் அதிகம். விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுத்துவிடுங்கள். ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டர் அதோடு விடவில்லை. இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனைக்கும் எழுதினார். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும், ஆனால் காரணம் இரும்புக் குறைவு இல்லை. அந்த உடம்பில் தேவையில்லாமல் இரும்பைச் சேர்த்தால் கெடுதல். அதனால் கடையில் மாத்திரை வாங்கி நாமாகவே விழுங்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். எனக்கு ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போவதுதான் காரணம் என்று தெரிந்ததும் அதற்குத் தனியாக சிகிச்சை தொடங்கினார்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பல பெண்கள் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். தயவுசெய்து டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. எங்கள் லைனிலேயே எத்தனை பேருக்கு இருக்குமோ!

மாத்திரை கொடுத்தார்கள், ஃபெரஸ் ஃபூமரேட். மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கல் வரலாம், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எனக்கு இரண்டும் வந்தது. இரவு ஊறவைத்த உலர்திராட்சையும் பப்பாளியும் கைகொடுத்தன. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். கொஞ்சம் தெம்பு வந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள்.

இனி தேநீர் விஷயம். எனக்கு மலைப்பாக இருந்தது இதுதான். காலையில் ரொட்டி சானாயோடு தே தாரிக், 3 மணிக்கு ஒன்று, வீட்டுக்கு வந்ததும் இஞ்சி தட்டிப் போட்டு ஒன்று. தேயிலையில் உள்ள டானின், சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், கீரை பருப்பில் உள்ள இரும்பென்றால் இன்னும் மோசம். எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு போன்ற வைட்டமின் சி உள்ளவை அதே இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். டாக்டர் தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார், அவ்வளவுதான். இப்போது மாத்திரையை வெறும் வயிற்றில் ஆரஞ்சுச் சாறோடு போடுகிறேன். கேண்டீனில் பசியாறும்போது வெறும் சுடுதண்ணீர். சாப்பாட்டில் முருங்கைக்கீரையோ பருப்போ இருந்தால் மேலே எலுமிச்சை பிழிந்துகொள்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஆட்டு ஈரல்.

கடைசித் தேநீர் மதியம் 3 மணிக்கு, அதற்கு மேல் கிடையாது. குடித்த காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும். இரவு எட்டரைக்குக் குடித்தால் நள்ளிரவு தாண்டியும் பாதி உடம்பிலேயே இருக்கும், விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டியவளுக்கு எப்படித் தூக்கம் வரும்? சீனியையும் குறைத்தேன். முதலில் "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொல்லி வாங்கினேன். நாக்கு பழகியதும் சீனியே போடாத பால் தேநீர், தே சி கோசோங். சீனி ஏறி இறங்கும்போது வரும் தூக்கக் கலக்கம் அதோடு போய்விட்டது.

தண்ணீர்க் கதை வேறு, தூசி புகாத க்ளீன் ரூமில் வேலை செய்பவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். உள்ளே போகத் தலையுறை, முகமூடி, முழு அங்கி, பூட்ஸ், கையுறை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் இத்தனையையும் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்து, திரும்ப வரிசையாகப் போட்டுக்கொண்டு, காற்றடிக்கும் அறை வழியாக உள்ளே நுழைய வேண்டும். மாதவிலக்கு நாளில் கேட்கவே வேண்டாம். அதனால் எங்களில் பாதிப் பேர் காலையிலிருந்து ஒரு டம்ளர்கூடக் குடிப்பதில்லை. உள்ளே ஏர்கோன் குளிர் வேறு, தாகமே தெரியாது. மாலைத் தலைவலிக்குப் பனடோல் போட்டுக்கொண்டு ஓட்டுவோம். நான் செய்தது இது: வீட்டிலிருந்து கிளம்புமுன் ஒரு பெரிய குவளை, ஒவ்வொரு இடைவேளையின் தொடக்கத்திலும் ஒரு குவளை, முடியும்போது கழிவறை. இடைவேளைக்கு நடுவில் போக வேண்டி வந்தால் பக்கத்து ஸ்டேஷன் பிள்ளை என் இடத்தைப் பார்த்துக்கொள்வாள், அவள் போனால் நான். சூப்பர்வைசரிடம் நேரடியாகப் பேசித்தான் இதை ஏற்பாடு செய்தோம், அவரும் மறுக்கவில்லை. தலைவலி அநேகமாக நின்றுவிட்டது.

தூக்கத்துக்கு வீட்டில் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். இரவுச் சமையல் இப்போது கணவரும் மகளும். நான் வந்து குளித்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்துவிடுவேன். ஃபோன் ஹாலிலேயே சார்ஜில் இருக்கும். ஏழு மணி நேரம் முழுசாகக் கிடைக்கிறது.

உடற்பயிற்சியைக் கடைசியில்தான் தொடங்கினேன், அப்படித்தான் செய்ய வேண்டும் என்றும் நினைக்கிறேன். ரத்தமே இல்லாத உடம்பை ஜிம்முக்கு இழுத்துப் போனால் என்ன பயன்? மாத்திரை பிடித்து, படபடப்பு அடங்கிய பிறகு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடையில் ஆரம்பித்தேன். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்குத்தான். லீவு நாளில் தீவுக்குப் போய் பொட்டானிக்கல் கார்டனில் ஒரு சுற்று. தெம்பு கூடியதும் பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன். 513 படி. முன்பெல்லாம் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவேன். இப்போது நிதானமாக, உட்காராமல் மேலே போய்விடுகிறேன். மாமியும் ஒரு நாள் கூட வந்தார். "வேகமா ஏறாதே, நானும் வரேன்ல" என்று அதட்டிக்கொண்டே வந்தார்.

திரும்பப் பார்த்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.3. ஐஸ் ஆசை அதற்கு வெகு முன்பே, மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே போய்விட்டது.

இரவு ஷிப்ட் மாதம் மட்டும் இன்னும் சிரமம்தான். காலையில் பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், வெயில் கண்ணில் பட்டால் தூக்கம் கலைந்துவிடுகிறது. அறைக்குக் கெட்டியான திரை தைத்துப் போட்டாயிற்று. யார் வந்தாலும் "மருமக தூங்குறா, 3 மணிக்கு மேல வாங்க" என்று மாமி கேட்டிலேயே அனுப்பிவிடுவார். அப்படியும் பகல் தூக்கம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுவதில்லை, அந்த மாதம் முழுக்கத் தெம்பு ஒரு படி குறைவுதான். நிரந்தரப் பகல் ஷிப்ட் கேட்டு, டாக்டரின் கடிதத்தையும் இணைத்து, எச்.ஆரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் லைனில் இன்னும் இரண்டு பேர் ரத்தம் பார்க்கப் போயிருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்ததும் அவர்களும் எழுதிக் கொடுக்கப்போகிறார்கள்.