மோதலில் உயிர் காப்பது தூரம்தான்

விபத்தில் சிக்கிய காரின் முன்பக்கம் கசங்கிக் கிடப்பதைப் பார்த்தவுடன், "இப்ப வர்ற வண்டியெல்லாம் வெறும் தகரம், பழைய அம்பாசிடரா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. நன்கு படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை இயற்பியலுக்கு நேர்மாறானது என்பதாலும், உயிரோடு தொடர்புடையது என்பதாலும் இதைக் கணக்கோடு விளக்க விரும்புகிறேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு கார் கான்கிரீட் சுவரில் மோதினால், காரும் அதற்குள் இருப்பவரும் நின்றே ஆக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் சராசரி எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், கிடைக்கும். முன்பக்கம் அரை மீட்டர் கசங்கி வண்டி நின்றால் அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போலச் சுமார் 20 மடங்கு. பெல்ட் அணிந்த உடல் அந்தச் சில நொடிப்பின்னங்களுக்கு இதைத் தாங்கிவிட வாய்ப்புண்டு. கசங்க மறுக்கும் 'உறுதியான' வண்டி 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், அதுவே 100 மடங்கை நெருங்குகிறது. வண்டிக்குப் பெரிய சேதம் இல்லாமல் இருக்கலாம். உள்ளே இருப்பவர் பிழைப்பது கடினம்.

பயணிகள் அமரும் பகுதி உறுதியாகவும், அதன் முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் கசங்கக்கூடியனவாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தை மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி 1950களில் வளர்த்தெடுத்தார். 1959இல் அது விற்பனைக் காரில் இடம்பெற்றது. அதே 1959இல்தான் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்றுமுனை சீட் பெல்ட்டும் வந்தது. இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது தவறு. கார் கசங்கி ஈட்டித் தரும் அந்த அரை மீட்டரில் நம் உடலுக்கும் பங்கு கிடைக்கச் செய்வது பெல்ட்தான். பெல்ட் இல்லாதவருக்கு, கார் நின்ற பிறகும் உடல் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கும். டேஷ்போர்டிலோ முன்சீட்டின் முதுகிலோ மோதிச் சில சென்டிமீட்டர்களுக்குள் நிற்கும். முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு செல்வோருக்கும் இதே கணக்கைச் சொல்ல வேண்டும்: 10 கிலோ எடையுள்ள குழந்தையை அந்த 20 மடங்கில் பிடித்து நிறுத்த, 200 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் வலு கைகளுக்கு வேண்டும். எந்தத் தாய் தந்தைக்கும் அது கிடையாது.

ஹெல்மெட்டின் வேலையும் இதுவே. வெளி ஓட்டைவிட, உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரைதான் முக்கியம். தலை நிற்பதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைப்பது அது நசுங்குவதால்தான். ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழாது என்பதால், பலமான அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் பயனற்றது. அந்த நுரையே இல்லாமல் சாலையோரத்தில் விற்கப்படும் தொப்பிகளை ஹெல்மெட் என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை.

வேகத்தைப் பற்றிய ஒரு கணக்கு என்னை மிகவும் உலுக்கியது. 60இல் ஒரு காரும் 80இல் ஒரு காரும் அருகருகே செல்லும்போது, தூரத்தில் ஒரு மாடு குறுக்கே வருவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரு நொடி கழித்துப் பிரேக்கை அழுத்துகிறார்கள். உலர்ந்த சாலையில் இரண்டு வண்டிகளின் வேகமும் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 7 மீட்டர் அளவுக்குக் குறைகிறது. முதல் கார் சுமார் 36 மீட்டரில் முழுதாக நின்றுவிடும். அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 20 கிலோமீட்டர்தானே கூடுதல் என்று நாம் நினைப்பதற்கும் உண்மைக்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்கிறது.

நேருக்கு நேர் மோதலில் இரு வேகங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பாதி உண்மை. ஒரே எடையுள்ள இரண்டு கார்கள் 50இல் மோதிக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் அது 50இல் சுவரில் மோதியதற்குச் சமம்தான். எதிரே வருவது லாரியாக இருந்தால் நிலைமை வேறு. 60இல் வரும் 25 டன் லாரியும் 60இல் செல்லும் ஒரு டன் காரும் மோதி ஒன்றாகச் சேர்ந்து நகர்ந்தால், உந்த அழிவின்மை விதிப்படி லாரியின் வேகம் 5 கிலோமீட்டர்கூடக் குறையாது. காரின் வேகமோ ஒரு கணத்தில் 115 கிலோமீட்டர் அளவுக்கு மாறி, அது பின்னோக்கித் தள்ளப்படும். இரண்டின் மீதும் செயல்படும் விசை ஒன்றே, நிறைதான் வேறு.

நெடுஞ்சாலை ஓரத்தில் இரவில் விளக்கின்றி நிற்கும் லாரியின் பின்னால் மோதுவது இவை எல்லாவற்றிலும் கொடியது. காரின் பானெட் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். கசங்க வேண்டிய பகுதி எதிலும் படாமலே, லாரித் தளத்தின் விளிம்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு தலையளவில் உள்ளே வரும். இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்புறம் தாழ்வாக ஓர் இரும்புக் குறுக்குத்தடி பொருத்தப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் பார்க்கும் லாரிகள் பலவற்றில் அது வளைந்தோ மேலே தூக்கிக் கட்டப்பட்டோ இருக்கிறது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வரும் லாரியின் பிரேக்குக்குத் தரும் அதே கவனத்தை அந்தத் தடியின் உயரத்துக்கும் உறுதிக்கும் அதிகாரிகள் தர வேண்டும். அது இல்லாத லாரியின் பின்னால், பெல்ட்டும் ஏர்பேக்கும் உள்ள காருக்கும் அந்த அரை மீட்டர் கிடைப்பதில்லை.