பிரேக் போட்டு வளைவதும் கிளட்ச் பிடித்து வளைவதும்

முன்சக்கர இழுவை ஹாட் ஹேட்ச் காரை (வேகத்துக்காகவே முடுக்கிய சிறிய ஹேட்ச்பேக்) வளைவில் ஆக்ஸிலரேட்டர் மிதித்து விரட்டினால் எடை வெளிப்பக்கம் போய்விடும், உள்சக்கரம் பிடி இழந்து சும்மா சுழலும், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே முறுக்குவிசையைத்தான் தரும் என்பதால் வெளிச்சக்கரத்தின் பிடியும் வீண். 2009-ல் வந்த ஆறாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயில் இதற்கு எக்ஸ்டிஎஸ் (XDS) என்ற அமைப்பை வைத்தார்கள். பெயர்தான் எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல், உள்ளே நடப்பது உள்சக்கரத்துக்கு லேசாக பிரேக் போடும் வேலை. செலவு குறைவு, எடையும் ஏறுவதில்லை, சரி. ஆனால் ரேஸ் டிராக்கில் விரட்டினால் பிரேக் சூடேறும்.

ஏழாம் தலைமுறையின் பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பில் வந்ததுதான் என் கட்சி: கணினி கட்டுப்படுத்தும் பல தட்டு கிளட்ச், வளைவில் முறுக்குவிசையை வெளிச்சக்கரத்துக்கே அனுப்பும். மிதிக்க மிதிக்க மூக்கு உள்ளே திரும்புகிற அந்தச் சுகத்தை வெறும் பிரேக்கால் தரவே முடியாது.