ஃபொதரிங்ஹே மேட்டில் ஒரு மாலை

இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால், நீன் ஆற்றங்கரையில் ஃபொதரிங்ஹே என்ற சின்னக் கிராமம். பண்ணைப் பாதையைத் தாண்டியதும் எதிரே ஒரு காலத்தில் கோட்டை நின்ற, புல் மூடிய மண்மேடு. மதில் இல்லை, கோபுரம் இல்லை. பல வருடமாகப் பார்க்க ஏங்கிய இடம். ஏறும்போதே மனசு கனத்தது.

1100 வாக்கில் நார்த்தாம்ப்டன் பிரபு சைமன் டி சென்லிஸ் எழுப்பிய கோட்டை இது. பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் நாடெங்கும் இப்படித்தான் கட்டினார்கள். அகழி தோண்டி, அந்த மண்ணையே குவித்து, உச்சியில் கோபுரம் வைப்பார்கள். கீழே வேலியடைத்த முற்றத்தில் குதிரை லாயமும் சமையல்கட்டும். மண்ணும் மரமும் ஊராரின் உழைப்பும் இருந்தால் போதும். கல் கட்டடமெல்லாம் அப்புறம்தான்.

பின்னாளில் யார்க் என்ற இங்கிலாந்து அரச வம்சத்தின் கைக்கு வந்தது. பிறகு இங்கிலாந்தின் அரசரான மூன்றாம் ரிச்சர்ட் 1452-இல் இங்கேதான் பிறந்தார்.

ஆனால் நான் வந்தது மேரிக்காக. ஸ்காட்லாந்தின் ராணியாக இருந்தவர், 1568-இல் அடைக்கலம் தேடி இங்கிலாந்துக்கு வந்தார். அப்போது இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் ராணி அவரைக் காவலில்தான் வைத்தார். தன்னைக் கொல்லச் சதி செய்ததாக 1586 அக்டோபரில் இந்தக் கோட்டையில் விசாரணை நடத்தவைத்தார். மேரிக்கு வாதாட ஒரு வக்கீலைக்கூட அனுமதிக்கவில்லை. 1587 பிப்ரவரி 8 காலை, பெரிய மண்டபத்தில் தலையை வெட்டினார்கள். முதல் வெட்டு சரியாக விழவில்லை. வயது 44. அவருடைய பாவாடைக்குள் ஒளிந்திருந்த சின்ன நாய், உடலை விட்டு நகர மறுத்ததாக நேரில் பார்த்தவர் எழுதிவைத்திருக்கிறார். மேட்டின் மேல் நின்று அந்த முற்றத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த நாய்தான் நினைவுக்கு வந்தது.

மேரியின் மகன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானதும் ஆத்திரத்தில் கோட்டையை இடித்துத் தள்ளினார் என்பார்கள். அப்படியில்லை. அவர் 1625-இல் இறந்துவிட்டார். கோட்டை கவனிப்பாரில்லாமல் சிதைந்து, 1630களில்தான் இடிபட்டது. கற்களையெல்லாம் வேறு கட்டடங்களுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஆற்றோரம் கம்பி வேலிக்குள் ஒரே ஒரு பெரிய கல்கட்டுத் துண்டு மட்டும் கிடக்கிறது.

இப்போது இது சட்டம் காக்கும் சின்னம். அனுமதியில்லாமல் தோண்டவோ மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடவோ கூடாது. அதைக் கேட்டபோது நிம்மதியாக இருந்தது.

சரிவில் திஸ்டில் முட்செடிகள் ஊதாப் பூவோடு நின்றன. ஸ்காட்லாந்தின் சின்னமான அந்தச் செடியை மேரியே இங்கு நட்டார் என்றொரு கதை உண்டு. ராணி மேரியின் கண்ணீர் என்று அதற்குப் பெயர். ஒரு பூவையும் தொடாமல் இறங்கினேன்.