கலாப்ரியா நாட்குறிப்பு: பிப்ரவரி முதல் மே வரை, 2023

பிப்ரவரி 9, வியாழன்

தென் இத்தாலியின் கலாப்ரியாவிலுள்ள இந்த மலையூருக்குக் குருவாக வந்து நான்கு மாதங்கள் நிறைவடைந்துவிட்டன. காலை ஏழரை மணித் திருப்பலிக்கு இன்று ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். எங்கள் பங்குத்தந்தைக்கு மூட்டுவலி கடுமையாகிவிட்டதால், சுற்றியுள்ள மற்ற இரண்டு ஊர்களின் திருப்பலிகளும் நோயாளர் சந்திப்பும் முழுவதுமாக என்னிடம் வந்துவிட்டன. பழைய ஃபியட் பாண்டா வண்டியில் வளைவுகளைக் கடந்து போகும்போது, ஒரு பக்கம் சிலா மலையின் பனியும் மறு பக்கம் வெகு தொலைவில் அயோனியக் கடலும் ஒரே பார்வையில் தெரிகின்றன. நெய்தல் நிலத்தில் பிறந்த எனக்கு அந்த நீலக் கோடு கண்ணில் பட்டால்தான் நாள் தொடங்கியதாகவே தோன்றுகிறது.

முற்பகல் முழுவதும் திருமுழுக்குப் பதிவேடுகளோடு கழிந்தது. பூனோஸ் ஐரிஸிலிருந்து ஒரு குடும்பம், தங்கள் கொள்ளுத்தாத்தா 1890-களில் இந்தக் கோவிலில் திருமுழுக்குப் பெற்றதற்கான சான்று கேட்டு எழுதியிருக்கிறது. இத்தாலியக் குடியுரிமைக்கு அது தேவையாம். இத்தகைய கடிதங்கள் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் அடிக்கடி வருகின்றன. இலத்தீனில் எழுதப்பட்ட, மை பழுப்பேறிய அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு ஆண்டும் எத்தனை குழந்தைகள்! இந்த ஆண்டின் பக்கத்தில் இன்னும் ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை. இறந்தோர் பதிவேட்டைத்தான் மாதத்துக்கு மூன்று நான்கு முறை எடுக்க வேண்டியிருக்கிறது.

மொழி வகுப்பில் நான் கற்ற மரியாதைச் சொல்லை இங்கே வயதானவர்கள் பயன்படுத்துவதில்லை. நம் ‘நீங்கள்’ போலவே, பன்மைச் சொல்லான ‘வோய்’ என்பதைத்தான் மரியாதைக்குச் சொல்கிறார்கள். எதிர்காலத்துக்கும் பெரும்பாலும் நிகழ்கால வினையையே சொல்கிறார்கள். ‘நாளைக்கு வருகிறேன்’ என்று நாம் சொல்வதில்லையா, அப்படித்தான். பாடநூல் இத்தாலியத்தை விட இந்த ஊர்ப்பேச்சு என் நாக்குக்கு நெருக்கமாக இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்

மூன்று ஊர்களிலும் திருநீறு பூசித் திரும்ப இரவு எட்டாகிவிட்டது. மலைப்பாதையில் மழை.

பிப்ரவரி 26, தவக்காலத்தின் முதல் ஞாயிறு

அதிகாலையில் ஸ்டெக்காத்தோ தி குத்ரோ கடற்கரைக்கு மிக அருகில், துருக்கியின் இஸ்மீரிலிருந்து புறப்பட்டு வந்த மரப்படகு ஒன்று மணல்திட்டில் மோதிச் சிதறிவிட்டது. முதல் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கோவில் வாசலில் நின்ற ஆண்கள் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு பேச்சற்று நின்றார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள், கரையின் வெளிச்சத்தைக் கண்ட பிறகு இறந்திருக்கிறார்கள். இரண்டாவது திருப்பலியில் தயாரித்து வைத்திருந்த மறையுரையை என்னால் சொல்ல முடியவில்லை. இறந்தவர்களுக்காக அமைதியாக வேண்டுவோம் என்று மட்டும் சொல்லி அமர்ந்தேன்.

2017 நவம்பர் 30 நினைவுக்கு வந்தபடியே இருக்கிறது. ஒக்கிப் புயலின்போது நான் குருமடத்தில் இருந்தேன். விடுப்பு கேட்டு ஊருக்கு ஓடியபோது, எங்கள் பங்குப் பணியாளர் கோவில் முற்றத்தில் மேசை போட்டு, திரும்பாத படகுகளின் பெயர்களையும் அதில் போனவர்களின் பெயர்களையும் வீடுவீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் திரும்பவே இல்லை. அவருடைய அம்மா பல நாட்கள் கரையிலிருந்து எழுந்து வர மறுத்தார். அன்று எங்களிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது, உடல்கள் இல்லை. இங்கே உடல்கள் கரையில் கிடக்கின்றன, பெயர்கள் இல்லை.

மார்ச் 1, புதன்

குரோத்தோனே நகருக்குப் போய் வந்தேன். பாலமிலோனே விளையாட்டரங்கின் தரையில் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பழுப்பு நிறப் பெட்டிகளுக்கு இடையே சிறிய வெள்ளைப் பெட்டிகள். எண்ணிக்கை 60-ஐக் கடந்துவிட்டது. கடல் இன்னும் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. அடையாளம் தெரியாதவர்களின் பெட்டியில் குரோத்தோனேயைக் குறிக்கும் ‘கே.ஆர்.’ என்ற எழுத்தும், ஓர் எண்ணும், ஆணா பெண்ணா என்பதும், ஏறத்தாழ என்ன வயது என்பதும் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு குழந்தையின் வயது பூச்சியம் என்று இருந்தது.

அரங்கின் வெளிவேலியில் நகர மக்கள் பூக்களையும் மெழுகுவர்த்திகளையும் பொம்மைகளையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து இரவோடு இரவாக வந்திருந்த ஓர் ஆப்கானியர் தன் உறவினர்களைத் தேடிப் பெட்டிகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த மொழிகள் எனக்குத் தெரியாது. அவர் அமர்ந்தபோது நானும் அருகில் அமர்ந்தேன். சிறிது நேரத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். மறைப்பணிக்கென்று குருமடத்தில் எத்தனையோ பாடங்கள் படித்தேன். இன்று செய்ததை எந்தப் பாடத்திலும் படித்ததாக நினைவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

அந்தக் கடற்கரையில் சிலுவைப்பாதை நடந்தது. உடைந்த படகின் பலகைகளால் செய்த சிலுவையைச் சுமந்து சென்றார்கள். எங்கள் மலையூரிலிருந்து ஒரு பேருந்து நிறைய வந்தார்கள். வழக்கமாக ஞாயிறு திருப்பலிக்கு வராதவர்களும் அதில் இருந்தார்கள். காற்று பலமாக இருந்ததால் செபங்கள் பாதிதான் காதில் விழுந்தன. மணலில் ஒரு சிறு காலணி கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அதை மிதிக்காமல் விலகி நடந்தார்கள்.

மார்ச் 16, வியாழன்

உயிர்ப்பு விழாவுக்கு முன் வீடுகளைச் செபித்து ஆசீர்வதிக்கும் வேலை இந்த வாரம் தொடங்கியது. தீர்த்தச் செம்போடு ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறேன். மேல்தெருவில் முதல் ஐந்து கதவுகளுக்குப் பதிலே இல்லை. ஆறாவது வீட்டு மூதாட்டி, தெருவில் எஞ்சியிருப்பவர் தாம் ஒருவரே என்றும், ஆனாலும் எந்த வீட்டையும் விட்டுவிடக் கூடாது என்றும் சொல்லி, அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டார். ஏழு வீடுகளின் சாவிகள் அவரிடம் இருக்கின்றன. ஒரு குடும்பம் டொரண்டோவில், ஒன்று ஷ்டுட்கார்ட்டில், இரண்டு மிலானில், மற்றவை அர்ஜென்டினாவில். மாதம் ஒருமுறை போய்ச் சன்னல்களைத் திறந்து வைத்து, மாலையில் பூட்டிவிட்டு வருகிறாராம். எண்பத்து நான்கு வயது.

ஒவ்வொரு வீட்டையும் திறந்தபோது ஈரச் சுவரின் மணமும் குளிரும் முகத்தில் அடித்தன. கட்டில்மேல் போர்த்திய வெள்ளைத் துணி, சுவரில் திருமணப் படம், பாவ்லாவின் புனித பிரான்சிசின் சுரூபம், சிறிய சிலை. கலாப்ரியாவின் பாதுகாவலரான இந்தத் துறவி, 1464-இல் ஓடக்காரர் ஏற்ற மறுத்ததால் தம் மேலாடையை நீரில் விரித்து அதன்மேல் நின்று, சிசிலித் தீவைப் பிரிக்கும் மெஸ்ஸீனா நீரிணையைக் கடந்தார் என்று மரபு சொல்கிறது. இத்தாலியக் கடலோடிகளுக்கும் இவரே பாதுகாவலர். ஆளில்லாத அறைகளில் நான் செபத்தைச் சொல்ல, மூதாட்டி ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டாரின் பெயர்களை, இறந்தவர் இருப்பவர் எல்லாரையும், ஒருவர் விடாமல் சொல்லி ‘ஆமென்’ என்றார். கடைசி வீடு அவருடைய அண்ணனுடையது. 1950-களில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறிப் பூனோஸ் ஐரிசுக்குப் போனவர், ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. கட்டணத்துக்கு அப்பா கழுதையை விற்றார் என்றார்.

‘உங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?’ என்று என்னைக் கேட்டார். எங்கள் வீட்டைப் பகலில் பூட்டுவதில்லை என்றும், அம்மா இருக்கிறார் என்றும் சொன்னேன். ‘அப்படியென்றால் அவரோடு நிறையப் பேசுங்கள்’ என்றார்.

திரும்பும்போது மேசைமேல் பஞ்சு பரப்பிய தட்டுகளைக் கண்டேன். பெரிய வியாழனுக்காகக் கோதுமை முளைக்க வைக்கிறார். இருட்டில் வைத்து நீர் தெளித்து வளர்ப்பதால் பச்சை பிடிக்காமல் வெளிர்மஞ்சளாக நீண்டு வளருமாம். முளைப்பாரியை அறிந்த என் கண்ணுக்கு அது அந்நியமாகவே இல்லை. எங்கள் ஊரில் பெண்கள் தலையில் சுமந்து வருவதை அவருக்கு நடித்துக் காட்டியபோது, மண்ணில் விதைப்பீர்களா பஞ்சிலா, எத்தனை நாள், பாட்டு உண்டா என்று விடாமல் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

இங்கே குருத்தோலைக்குப் பதில் ஒலிவக் கிளைகள். எல்லாரும் தங்கள் தோட்டத்திலிருந்தே ஒடித்து வந்தார்கள். தென்னங்குருத்தில் சிலுவை பின்னத் தெரிந்த என் விரல்களுக்கு இந்த ஆண்டு வேலை இல்லாமல் போனது.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

மாலைத் திருப்பலிக்குப் பின் நற்கருணையை இடம்மாற்றி வைக்கும் பீடத்தின் முன் கோதுமைத் தட்டுகளை அடுக்கினார்கள். சிவப்பு நாடா கட்டிய அந்த வெளிறிய நாற்றுகள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தாமே ஒளிர்வதுபோல் இருந்தன. மேல்தெரு மூதாட்டி, மூடிய வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டாக ஏழும், தம் வீட்டுக்கு ஒன்றுமாக எட்டுத் தட்டுகள் கொண்டுவருவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இருந்தன. ஒன்பதாவதில் நாடா கட்டவில்லை. அது யாருக்கு என்று கேட்டதற்கு, ‘குத்ரோவில் இறங்கியவர்களுக்கு’ என்றார். இறந்தவர்களுக்கு என்று சொல்லவில்லை, இறங்கியவர்களுக்கு என்றுதான் சொன்னார். நள்ளிரவு வரை அந்தத் தட்டின் அருகிலேயே முழந்தாளிட்டிருந்தேன்.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

முழு முட்டையை ஓட்டோடு வைத்துச் சுட்ட ‘குத்சூப்பா’ ரொட்டிகள் பங்கு இல்லத்து மேசையில் பதினொன்று சேர்ந்துவிட்டன. விழாவுக்காக வெளியூர்களிலிருந்து வந்திருந்தவர்களால் கோவிலில் நிற்க இடமில்லை. இன்னும் இரண்டு நாட்களில் போய்விடுவார்கள் என்று தெரிந்திருந்தும், குழந்தைகளின் சத்தத்தைக் கேட்கக் கேட்க மனம் நிறைந்தது.

மே 9, செவ்வாய், ஓர்த்தோனா

வெகு நாள் ஆசை நிறைவேறியது. நேற்றுக் குரோத்தோனேயிலிருந்து டாரன்டோ வழியாகப் பாரி வந்தேன். அங்கே புனித நிக்கோலாசின் சுரூபத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் நாள் என்பதால் தெருக்களில் காலெடுத்து வைக்க முடியவில்லை. இரவுக்குள் ஆத்ரியக் கடலோர இரயிலில் அப்ரூத்சோ மாநிலத்தின் இந்தச் சிறு துறைமுகத்தை வந்தடைந்தேன்.

திருத்தூதர் தோமாவின் எலும்புகள் இங்கே இருக்கின்றன. மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டு, அங்கிருந்து இன்றைய துருக்கியிலுள்ள எதெஸ்ஸாவுக்கும், பின்னர் கிரேக்கத் தீவான கீயோசுக்கும் போனவை என்று மரபு சொல்லும் அந்த எலும்புகளை, 1258-இல் லியோனே அச்சியாயோலி என்ற ஓர்த்தோனாக் கப்பல் தலைவர் கீயோசிலிருந்து தம் ஊருக்குக் கொண்டுவந்தார். 1566-இல் துருக்கியர் கோவிலை எரித்தார்கள். 1943 டிசம்பரில் கனடியப் படைக்கும் ஜெர்மானியப் படைக்கும் இடையே இந்த ஊரின் தெருக்களில் நடந்த போரில் பேராலயம் தகர்க்கப்பட்டது. இன்றிருப்பது அதன்பின் எழுப்பியது. இத்தனைக்கும் பிறகு எலும்புகள் இங்கேயே இருக்கின்றன.

நிலவறையில் காலை முழுவதும் நான் ஒருவனே இருந்தேன். கீயோசிலிருந்து உடன் வந்த கல்லறைக் கல்லில் தோமாவின் மார்பளவு உருவமும் கிரேக்க எழுத்துகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிறுவனாக, அப்பாவின் கையைப் பிடித்துச் சாந்தோமின் கல்லறைமுன் நின்ற நாள் நினைவுக்கு வந்தது. அங்கே கல்லறை, இங்கே எலும்பு. நடுவில் அவர் நடந்தும் கப்பலேறியும் கடந்த தொலைவு. கீழ்த்திசைக்கு வந்த ஒருவர் இறந்தபின் மேற்கே பயணம் செய்திருக்கிறார். அவர் உயிரோடு வந்த வழியில் எதிர்த்திசையில் நான் வந்திருக்கிறேன் என்று எண்ணியபோது உடல் சிலிர்த்தது. ஆண்டவருடைய காயத்தைத் தொட வேண்டும் என்று அவர் கேட்டதைக் குறையாக மறையுரைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பாலமிலோனேயில் அந்த ஆப்கானியரின் கையைப் பிடித்திருந்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. தோமா கேட்டது சரியான இடத்தை. தமிழில் ஒரு செபமாலை சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தேன்.

மே 21, ஞாயிறு

நேற்றிரவு குரோத்தோனேப் பேராலயத்திலிருந்து மரியன்னையின் படத்தைச் சுமந்துகொண்டு காப்போ கொலோன்னா என்ற கடல்முனை வரை நடந்தோம். மூதாட்டியால் நடக்க முடியாது. என் சட்டைப்பையில் தம் செபமாலையைப் போட்டு அனுப்பியிருந்தார். பாடியும் அமைதியாகவும் பல மணி நேரம் நடந்தோம். முனையை அடைந்தபோது விடியல் வெளிச்சத்தில், பழைய கிரேக்கத் தெய்வமான ஹேராவின் கோவிலில் எஞ்சிய ஒற்றைத் தூண் கடலை நோக்கி நின்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட தூண்கள் இருந்த கோவிலாம்.

இன்று மாலை அன்னையின் படம் கடல்வழியாகத் துறைமுகத்துக்குத் திரும்பியது. மீனவர் ஒருவர் தம் படகில் எனக்கும் இடம் கொடுத்தார். என் கையிலிருந்த கயிற்றின் சுருக்கு முடிச்சைப் பார்த்துவிட்டு, ‘நீங்கள் கடற்காரரா?’ என்று கேட்டார். எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னபின், கரை சேரும் வரை வலையையும் மீன்களையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அவர் கொண்டுவந்திருந்த ‘சார்தெல்லா’வை ரொட்டியில் தடவித் தந்தார்: பொடிமீனும் மிளகாயும் சேர்த்து இடித்தது. நாக்கில் வைத்ததும் அம்மாவின் அடுக்களை.

குத்ரோவின் இறந்தோர் எண்ணிக்கை இப்போது 94. ஊர்வலப் படகுகள் ஒலிப்பானை முழக்கியபோது அந்த மீனவர் தொப்பியைக் கழற்றித் தெற்கு நோக்கி நின்றார்.

இறங்கியதும் அம்மாவை அழைத்தேன். அங்கே நள்ளிரவு நெருங்கிவிட்டது, ஆனாலும் விழித்திருந்தார். படகில் வந்தேன் என்றதும் மற்ற எதையும் கேட்கவில்லை. கடல் அமைதியாக இருந்ததா என்றார். இருந்தது அம்மா என்றேன்.