துரைக்கு உடம்பு சரியில்லை

எங்க வீட்டுக்காரர் வளக்கிற ஃபைட்டர் மீன் பேரு துரை. அவனைப் பத்தி ஏற்கெனவே பொலம்பியிருக்கேன். சேலத்துல வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் எங்க வீட்டுக்காரர் மடியில உக்காந்து ஏற்காடு வந்து சேர்ந்த மகராசன். பின்சீட்ல எம் பையன் வாந்தி எடுத்துட்டே வந்தான், அவனைத் திரும்பிப் பாக்க ஆளில்லை. “தண்ணி அலம்பாம ஓட்டுங்க”ன்னு டிரைவருக்கு மட்டும் உத்தரவு பறந்துச்சு.

ஃபைட்டர் மீன் தாய்லாந்துப் பக்கத்து வயக்காட்டுத் தண்ணியில வளர்ந்த சாதி. 2019ல அந்த நாட்டு அரசாங்கமே அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமா அறிவிச்சிருக்குன்னு பால்காரர் வரைக்கும் சொல்லியாச்சு. அதுக்குத் தண்ணி 26 டிகிரி இருக்கணுமாம். கார்த்திகை மாசத்து ஏற்காட்டுல 26 டிகிரிக்கு நான் எங்க போவேன்? அதனால 20 லிட்டர் தொட்டி, தொட்டிக்கு ஹீட்டர், ஹீட்டருக்கு இன்வெர்ட்டர். எங்க பாத்ரூம் கீசர் தீபாவளிக்கு முன்னாடியே படுத்தாச்சு. கேட்டா, “நீ ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வெளிய வந்துடலாம். அது நாள் பூரா தண்ணிக்குள்ளயே இருக்குல்ல?”ங்கிறார். அதுல ஒரு நியாயம் இருக்கிறதுதான் எனக்கு எரிச்சல்.

காஞ்ச பாதாம் இலையைத் தொட்டியில போட்டா மீனுக்கு நல்லதாம், தண்ணி டீ கலருக்கு மாறும். அதை முதல் தடவை பாத்த அத்தை, “காபித் தோட்டத்துல குடியிருந்துக்கிட்டு மீனுக்கு டீ போட்டுக் குடுக்கிறான் பாரு. பெரிய வெள்ளைக்காரத் துரை!”ன்னாங்க. பேரு ஒட்டிக்கிச்சு. 1820கள்ல இந்த மலைக்குக் காபிச் செடி கொண்டாந்த கலெக்டர் காக்பர்ன் துரைக்குக்கூட ராத்திரி பூரா யாரும் வெந்நீர் காய்ச்சிக் குடுத்திருக்க மாட்டாங்க.

இதுல ஒரே ஒரு சிக்கல், அத்தையோட தம்பி பேரும் துரை. நாகலூர்ல தனியா இருக்கிறாரே, நம்ம துரை மாமா.

மீனோட வயிறு அது கண்ணு அளவுதான். ஒரு வேளைக்கு ரெண்டு மூணு உருண்டைத் தீனி போதும். “இது எந்த மூலைக்குடா?”ன்னு அத்தை யாருக்கும் தெரியாம எக்ஸ்ட்ரா கவனிச்சிருக்காங்க. குளிர்ல செரிமானமும் மந்தமாயிடுமே, வயிறு உப்பி ஒரு பக்கமா சாஞ்சுட்டான் துரை. இவர் வைத்தியம் பட்டினி. நேரம் பாத்து மழை, கரண்ட் போச்சு. கொஞ்ச நேரத்துல இன்வெர்ட்டரும் கண்ணை மூடிடுச்சு. உடனே வெந்நி வெச்சு, பாட்டில்ல ஊத்தி மூடி, தொட்டியில மிதக்க விட்டார். ஆறினா மறுபடி வெந்நி. இந்த மீன் மேல வந்து காத்து குடிக்கும், அந்தக் காத்தும் சில்லுனு இருக்கக் கூடாதாம், அதனால என் கம்பளிச் சால்வையைக் கொண்டாந்து தொட்டியைச் சுத்திப் போத்திவிட்டார். எனக்கு? பெட்ஷீட்.

அந்த நேரம் பாத்து சேலம் குகைப் பகுதியிலேர்ந்து பெரியத்தை போன். எங்க அத்தைக்கு ஹலோ சொல்லிப் பழக்கமில்லை, நேரா நடுவுல எறங்குவாங்க.

“துரைக்கு முடியலக்கா. வயிறு உப்பி ஒருபக்கமா சாஞ்சு கெடக்கான். ரெண்டு நாளா சாப்பாடு கெடையாது. போடவே கூடாதுங்கிறாங்க. வெந்நி பாட்டில் வெச்சுப் போத்தி விட்டிருக்கோம். விடியட்டும், பாப்போம்.”

அதோட டவரும் போயிடுச்சு.

விடிஞ்சுது. முதல் பஸ்ல பெரியத்தை, பெரிய மாமா, அவங்க மருமக, பக்கத்து வீட்டம்மா, யாருன்னே தெரியாத ஒரு பையன் எல்லாரும் வந்து எறங்கினாங்க. கையில ரொட்டி, ஹார்லிக்ஸ், ஒரு கிலோ ஆரஞ்சு. ஆரஞ்சு வெளையற மலைக்குக் கீழேர்ந்து ஆரஞ்சு!

பெரியத்தை என்னைப் பாத்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். “வயசான மனுசனுக்கு ஒரு வாய்க் கஞ்சிகூடவா ஊத்தக் கூடாது?”

“அவனை எங்க படுக்க வெச்சிருக்கீங்க?”ன்னார் பெரிய மாமா.

“தொட்டியில”ன்னாங்க அத்தை, காபி ஆத்திக்கிட்டே.

பெரியத்தை நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சோபாவுல உக்காந்துட்டாங்க. விஷயம் வெளங்கினப்புறம் எந்திரிச்சுப் போய்த் தொட்டியை எட்டிப் பாத்தாங்க. அவங்க கட்டியிருந்தது செவப்புச் சேலை. அவ்வளவு முடியாத நேரத்திலயும் துரை செவுளை விரிச்சு அவங்களைச் சண்டைக்குக் கூப்பிட்டான். “இவனும் நம்ம தொரை மாதிரியே கோவக்காரன்தான்”னு சொல்லிக்கிட்டே ரொட்டியைப் பிச்சாங்க. இவர் பாஞ்சு வந்து கையைப் புடிச்சார்.

பஸ்ல கண்டக்டர் வரைக்கும் சொல்லி அழுதிருக்காங்க போல. சேதி நாகலூர் போயிடுச்சு. பத்து மணிக்குக் குடையோட துரை மாமாவே வந்துட்டார். “எனக்கு எப்படி இருக்குன்னு விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்.”

வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா? சாம்பார் பாதி கொதிக்கிறப்ப கேஸ் தீந்துச்சு. ராத்திரி பூரா மீனுக்கு வெந்நி வெச்சா வேற என்ன ஆகும்? மீதியை மழையில வெறகு மூட்டி எறக்கினேன். சாப்பாடு போடாத மருமகள்னு பேர் வாங்கின அதே நாள்ல எட்டுப் பேருக்கு மேல சமைச்சிருக்கேன், இதைப் போன்ல சொல்ல மட்டும் ஆளில்லை.

சாப்பிட்டு முடிச்சு எல தூக்குறப்போ துரை மாமா கேட்டார். “நெசமாலுமே எனக்குன்னு நெனைச்சா இத்தனை பேரும் மலையேறி வந்தீங்க?”

“பின்ன, மீனுக்கா வருவோம்?”னு சீறினாங்க பெரியத்தை.

மாமா அதுக்கப்புறம் ரெண்டாவது தடவை மோர் வாங்கிக்கிட்டார். கெளம்புறப்ப ஆரஞ்சு வேணாம்னுட்டார், அவர் வீட்டு வாசல்லயே மரம் நிக்குது. ஹார்லிக்ஸ் பாட்டிலை மட்டும், “இது என் பேர்ல வாங்கினதுதானே”ன்னு கேட்டு வாங்கிக் கக்கத்துல வெச்சுக்கிட்டார்.

ராத்திரி மீன் துரைக்கு வயிறு எறங்கி, நேரா நீந்த ஆரம்பிச்சான். “துரைக்கு மோஷன் போயிடுச்சுன்னு அக்காகிட்ட சொல்லிடறேன்”னு அத்தை போனை எடுத்தாங்க.

புடுங்கி வெச்சுட்டேன்.